வராக்கடன் யாருடையது?

வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் வெறும் மணலாகக் கிடக்கும் பாலாறு, பேத்தமங்களாவில் ஏரியாக நிற்கிறது. பழைய கல்வெட்டுகள் விஜயாதித்தமங்கலம் என்று சொல்லும் ஊர் இது. கர்நாடகத்தின் கோலார் தங்கவயலுக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இந்த ஏரித் தண்ணீர்தான் குழாய் வழியே ஏறிப் போனது. சுரங்கம் குடித்தது, ஆலை குடித்தது, துரைமார் பங்களாக்களின் தோட்டங்கள் குடித்தன. மிஞ்சியது தொழிலாளர்களின் லைன் வீடுகளின் தெருக்குழாய்க்கு வந்தது. இதே ஆற்றின் கீழ்க்கரையிலிருந்துதான் ஆட்களும் வந்தார்கள். வட ஆற்காட்டின் சேரிகளிலிருந்து ஆற்றை எதிர்த்து நடந்து வந்தவர்கள், பூமிக்குள் மூன்று கிலோமீட்டர் ஆழம்வரை இறங்கினார்கள்.

தங்கவயலைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், படித்தவர்கள் தயாராக ஒரு தீர்ப்பு வைத்திருக்கிறார்கள். தங்கம் தீர்ந்துவிட்டது, நஷ்டம் மலையாக ஏறிவிட்டது, அரசு கொடுத்த கடன் திரும்பி வராது என்று ஆகிவிட்டது, அதனால் மூடினார்கள், போன பணத்தைத் தலைமுழுகிவிட்டு நாடு அடுத்த வேலையைப் பார்ப்பதுதான் முறை என்பார்கள். இதைச் சொல்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. பலர் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். பொதுப்பணம் வீணாகக்கூடாது என்ற கவலை அவர்களுக்கு உண்மையாகவே இருக்கிறது. எனக்கும் அந்தக் கவலை உண்டு. அதனால்தான் இந்தத் தீர்ப்பை மறுக்கிறேன். கணக்கைப் பாதியில் தொடங்கிப் பாதியில் முடித்துவிட்டுச் சொல்லப்படும் தீர்ப்பு இது.

‘வராக்கடன்’ என்று ஒருவர் சொன்னால் நாம் முதலில் கேட்கவேண்டியது, யார் யாருக்குக் கொடுக்கவேண்டிய கடன் என்பதை. தங்கவயல் விஷயத்தில் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. சுரங்கம் கடன்பட்டது, அரசு கொடுத்தது என்பது எல்லோருக்கும் தெரிந்த உண்மைபோல் வைக்கப்படுகிறது.

கணக்கை முதலிலிருந்து பார்ப்போம். 1880-இல் லண்டனின் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிறுவனம் இங்கே வந்தது. அடுத்த பல பத்தாண்டுகள் தங்கமும் லாபப் பங்கும் கப்பலேறின. மைசூர் அரசுக்கு ராயல்டி கிடைத்தது. 1902-இல் சிவனசமுத்திரத்தில் காவிரியிலிருந்து எடுத்த மின்சாரம் ஏறக்குறைய 150 கிலோமீட்டர் கம்பி வழியே முதலில் வந்து சேர்ந்தது இந்தச் சுரங்கங்களுக்குத்தான். மொத்தம் 120 ஆண்டுகளில் ஏறக்குறைய 800 டன் தங்கம். கொழுத்த தாதுவை எடுத்து முடித்த பிறகுதான் சுரங்கங்கள் நம் கைக்கு வந்தன. 1956-இல் மைசூர் அரசு அவற்றை நாட்டுடைமையாக்கியது. 1962-இல் மத்திய நிதி அமைச்சகம் எடுத்துக்கொண்டது. 1972-இல் பாரத் கோல்டு மைன்ஸ் லிமிடெட் என்ற பொதுத்துறை நிறுவனம் உருவானது.

நிதி அமைச்சகம் ஒரு சுரங்கத்தை ஏன் எடுத்துக்கொள்ள வேண்டும்? அந்நியச் செலாவணி இல்லாத காலம் அது. தங்கம் அரசுக்குத் தேவைப்பட்டது. தங்கவயல் தோண்டிய தங்கம் நாட்டுச் சந்தைக்குப் போகவில்லை. பல ஆண்டுகள் அதை அரசே எடுத்துக்கொண்டது. எடுத்துக்கொண்ட விலை பம்பாய் ஜவேரி பஜாரின் விலையில்லை, சர்வதேச நிதியத்தின் அதிகாரபூர்வ விலை. அவுன்ஸுக்கு 35 டாலர். 1966-இல் ரூபாயின் மதிப்பு குறைக்கப்படும்வரை, அது பழைய எடையளவில் தோலாவுக்கு 62 ரூபாய் 50 காசு. அந்த நாட்களில் உள்ளூரில் ஒரு தோலா தங்கம் வாங்கப் போனவர், ஏறக்குறைய அதைப்போல் இரண்டு மடங்கு கொடுத்தார்.

இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். ஒரு விவசாயியிடம் நெல்லைச் சந்தை விலையில் பாதிக்கு எடுத்துக்கொள்கிறோம். விதைக்கும் உரத்துக்கும் கூலிக்கும் அவர் முழு விலை கொடுக்கிறார். ஆண்டு முடிவில் கையில் ஒன்றும் இல்லாமல் நம்மிடமே வருகிறார். நாம் கடன் கொடுக்கிறோம், வட்டி போடுகிறோம். இருபது ஆண்டு கழித்து, நீ கட்டமுடியாத கடனாளி, உன் நிலத்தை மூடு என்கிறோம். இதை ஊரில் எவராவது நியாயம் என்பாரா? தங்கவயலில் நடந்தது இதேதான். விலையாக வரவேண்டிய பணம் பிற்காலத்தில் உதவியாகவும் கடனாகவும் வந்தது. விலையாக வந்திருந்தால் அது சுரங்கத்தின் வருமானம். புதிய ஷாஃப்ட் இறக்கவும், புதிய தங்கப் படிவு (ரீஃப்) தேடவும், குறைந்த தாதுவிலும் தங்கம் பிரிக்கும் ஆலை கட்டவும் கையில் இருந்திருக்கும். கடனாக வந்ததால் அது சுமை. பணம் அதே பணம்தான். கணக்குப் புத்தகத்தில் எந்தப் பக்கம் எழுதினார்கள் என்பதுதான் ஒரு நகரத்தின் தலையெழுத்தை முடிவு செய்தது.

அரசு தன் சொந்த நிறுவனத்துக்குக் கொடுக்கும் கடன் எப்படி வளர்கிறது என்பதையும் சொல்லவேண்டும். நிறுவனத்துக்கு ரொக்க நஷ்டம் வந்தால் சம்பளம் கொடுக்க அரசு கடன் தருகிறது. அந்தக் கடனுக்கு வட்டி உண்டு. வட்டியைக் கட்டமுடியாததால் அது செலவாக ஏறி அடுத்த ஆண்டின் நஷ்டத்தைப் பெருக்குகிறது. நஷ்டம் பெருகியதால் மீண்டும் கடன். சில ஆண்டுகளில் பாறையை உடைக்கும் செலவைவிட வட்டிதான் நஷ்டத்தின் பெரும்பகுதி ஆகிவிடும். நலிவுற்ற நிறுவனங்களுக்கான 1985-ஆம் ஆண்டுச் சட்டம், திரண்ட நஷ்டம் நிகர மதிப்பை விழுங்கிவிட்டால் அந்த நிறுவனம் நோயாளி என்றது. 1991 டிசம்பரில் பொதுத்துறையும் அந்தச் சட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டது. அடுத்த ஆண்டே பாரத் கோல்டு மைன்ஸ், பி.ஐ.எஃப்.ஆர். என்ற மறுசீரமைப்பு வாரியத்தின் வாசலில் நின்றது. 1991 ஜூலையில் இந்தியா தன் மானத்தைக் காப்பாற்ற 47 டன் தங்கத்தை லண்டனுக்கு அனுப்பி அடகு வைத்தது. அடுத்த ஆண்டு, அதே நாட்டுக்காகத் தங்கம் தோண்டியவர்களின் நிறுவனம் நோயாளிப் பட்டியலில் ஏறியது. எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 2000-இல், கலைத்துவிடலாம் என்று வாரியம் பரிந்துரைத்தது. 2001 பிப்ரவரி கடைசி நாளோடு சுரங்கம் நின்றது.

நண்பர்கள் இங்கே குறுக்கிடுவார்கள். தாதுவில் தங்கம் குறைந்துபோனது உண்மைதானே? மூன்று கிலோமீட்டருக்குக் கீழே, பாறை கையைச் சுடும் வெப்பத்தில் வேலை செய்வதற்குச் செலவு அதிகம்தானே? ஆம், இரண்டும் உண்மை. தொடக்கத்தில் அள்ளிக் கொடுத்த பாறை கடைசியில் டன்னுக்குச் சில கிராம்தான் கொடுத்தது. தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் அடித்தட்டை என்றைக்கும் நடத்தியிருக்க முடியும் என்று நான் சொல்லவில்லை. ஒரு சுரங்கத்துக்கு ஆயுள் உண்டு என்பது சுரங்கத்தில் வேலை செய்தவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். ஆனால் மூடிய நாளின் விலையைப் பாருங்கள். உலகச் சந்தையில் தங்கம் இருபது ஆண்டுகளில் காணாத பள்ளத்தில், அவுன்ஸுக்கு 270 டாலர் அளவில் கிடந்தபோது, ‘இந்தச் சுரங்கம் என்றும் தேறாது’ என்று முடிவெடுத்தார்கள். பம்புகள் நின்றன. நிலத்தடி நீர் ஏறி, நூறாண்டு உழைப்பில் வெட்டிய சுரங்கப் பாதைகளை மூழ்கடித்தது. அதன்பிறகு தங்கம் எங்கே போனது என்பது கல்யாணத்துக்குப் பெண் வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும். இதே கர்நாடகத்தில், ராய்ச்சூர் மாவட்டத்தில், மாநில அரசின் ஹட்டி தங்கச் சுரங்கம் அதே விலைப் பள்ளத்தைத் தாண்டி இன்றும் லாபத்தில் நடக்கிறது. ஹட்டியின் ஆழம் குறைவு, தாது வேறு. ஒப்பீடு முழுமையாகப் பொருந்தாது. ஆனால் பொதுத்துறை தங்கம் தோண்டினால் நஷ்டம்தான் என்ற பேச்சை அது ஒன்றே பொய்யாக்குகிறது.

இனி தள்ளுபடிக்கு வருகிறேன். அரசு கொடுத்த கடனைத் தள்ளுபடி செய்து நிறுவனத்தை எழுப்பியிருக்கலாமே என்றால், நிதி ஒழுங்கு கெட்டுவிடும் என்கிறார்கள். ஒருவருக்குத் தள்ளினால் எல்லோரும் வரிசையில் நிற்பார்கள், பொதுத்துறை அதிகாரிகளுக்குப் பயம் போய்விடும் என்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. நடந்ததோ வேறு. இந்திய உர நிறுவனமும் 1992-இல் பி.ஐ.எஃப்.ஆருக்குப் போனதுதான். அதன் ஆலைகளும் 2002-இல் மூடப்பட்டவைதான். ஆனால் 2013 மே மாதம் மத்திய அமைச்சரவை அந்த நிறுவனத்தின் 10,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட அரசுக் கடனையும் வட்டியையும் தள்ளுபடி செய்தது. அதில் அசல் 3,000 கோடிக்கும் குறைவு; மீதி முழுக்க வட்டி. அந்தத் தள்ளுபடியால்தான் நிறுவனத்தின் நிகர மதிப்பு மேலே வந்தது, வாரியத்தின் பிடியிலிருந்து விடுபட்டது, புதிய முதலீடு வந்தது. ராமகுண்டத்திலும் கோரக்பூரிலும் சிந்திரியிலும் மீண்டும் யூரியா உற்பத்தி தொடங்கியது. அதை நான் குறை சொல்லவில்லை, வரவேற்கிறேன். உரத்துக்கு முடிந்தது தங்கத்துக்கு ஏன் முடியவில்லை என்றுதான் கேட்கிறேன். பி.எஸ்.என்.எல். நிறுவனத்தின் 33,404 கோடி ரூபாய் பாக்கியை 2022-இல் பங்கு மூலதனமாக மாற்றிக்கொடுத்தார்கள். ஏர் இந்தியாவை விற்கும்போது 61,562 கோடி கடனில் டாடா ஏற்றது 15,300 கோடி. மீதி 46,262 கோடியும் அரசின் தனி நிறுவனத்துக்கு மாற்றப்பட்டது. ஒழுங்கு கெடும் என்று அப்போது யாரும் உரக்கப் பேசவில்லை.

வங்கிகளின் கதை இன்னும் பெரியது. 2014-15 தொடங்கி ஒன்பது நிதியாண்டுகளில் வணிக வங்கிகள் 14.56 லட்சம் கோடி ரூபாய் வராக்கடனைக் கணக்கிலிருந்து நீக்கின என்று 2023-இல் நாடாளுமன்றத்தில் அரசே சொன்னது. அதில் பாதிக்கு மேல், சுமார் 7.41 லட்சம் கோடி, பெருந்தொழில், சேவை நிறுவனங்களுடையது. நீக்குவது வேறு, மன்னிப்பது வேறு, கடன்பட்டவர் தொடர்ந்து பொறுப்பாளிதான் என்று அதிகாரிகள் விளக்குகிறார்கள். விதிப்படி அது சரி. நடப்பில், அதே ஒன்பது ஆண்டுகளில் நீக்கிய கடன்களிலிருந்து வசூலானது சுமார் 2.05 லட்சம் கோடி. நூறு ரூபாய்க்குப் பதினான்கு ரூபாய். எந்தப் பெருமுதலாளியின் ஊரிலும் அதனால் தண்ணீர்க் குழாய் நின்றுபோகவில்லை, ஆஸ்பத்திரி பூட்டப்படவில்லை.

நான் கேட்பது சலுகையா என்றால், அதுவும் இல்லை. தள்ளுபடி என்ற சொல்லையே தங்கவயலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது என் வாதம். ஒருவருக்கு நாம் 100 ரூபாய் கொடுக்கவேண்டும், அவர் நமக்கு 80 ரூபாய் கொடுக்கவேண்டும் என்றால், அந்த 80-ஐ விட்டுக்கொடுப்பது தள்ளுபடி ஆகாது. ஈடுகட்டல் என்று அதற்குப் பெயர். எந்த மளிகைக்கடைக்காரரும் செய்வது. தோலாவுக்கு 62 ரூபாய் 50 காசுக்குத் தங்கம் எடுத்த ஆண்டுகளை எடுத்துக்கொண்டு, அன்றைய சந்தை விலைக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தை எழுதி, சுரங்கத்துக்கு அரசு என்ன வட்டி போட்டதோ அதே வட்டியைப் போட்டு, நாட்டின் முன்னால் வைக்கட்டும். பிறகு பேசலாம், யார் கடனாளி என்று.

மத்திய அரசின் சொந்த நிதி விதிகளே இதைத்தான் சொல்கின்றன. திரும்ப வராத ஓர் இழப்பைத் தள்ளுபடி செய்வதற்கு முன், அந்த இழப்பு விதிமுறையில் உள்ள குறையைக் காட்டுகிறதா, ஊழியர் எவருடைய கடும் அலட்சியத்தையாவது காட்டுகிறதா என்று பார்க்கவேண்டும்; காட்டினால் சாதாரண அதிகாரி கையெழுத்துப் போட்டு முடிக்கக்கூடாது, மேலிடத்துக்குப் போகவேண்டும். ஒரு தாலுகா அலுவலகத்தில் காணாமல்போன தட்டச்சு இயந்திரத்துக்குக்கூட இப்படிப்பட்ட விசாரணை நடக்கும். ஒரு நகரத்தின் வாழ்வாதாரத்துக்கு நடந்திருக்கவேண்டாமா? குறை, விலைக் கொள்கையில் இருந்தது. கொள்கையை வகுத்தது டெல்லி. அபராதம் கட்டியது தங்கவயலின் மாரிகுப்பம்.

உண்மையில் தங்கவயலில் தள்ளுபடி செய்யப்பட்ட கடன்கள் இருக்கின்றன. அவை எந்த ஐந்தொகையிலும் ஏறாதவை.

முதலாவது, நெஞ்சுக்குள் இருப்பது. 1940-களில் தங்கவயலின் 7,653 தொழிலாளர்களைச் சோதித்த ஆய்வு, நூற்றுக்கு 43.7 பேருக்கு சிலிகோசிஸ் இருப்பதாகக் கண்டது. தொழில்சார் நோய்களைப் பற்றிய இந்திய மருத்துவப் பாடநூல்களில் இன்றைக்கும் இருக்கிற எண் இது. பாறையைத் துளைக்கும்போது பறக்கும் சிலிக்கா தூள் நுரையீரலில் படிந்து தழும்பாகிறது. அந்தத் தழும்பு வேலையை விட்ட பிறகும் வளரும். சுரங்கத்திலிருந்து வெளியே வந்து பத்து, பதினைந்து ஆண்டுகள் கழித்து மூச்சு திணறுகிறவர்கள் உண்டு. அதாவது, இந்தக் கடன் முதிர்ந்து வசூலுக்கு வரும் நாளில் கம்பெனி இருக்காது. இருப்பது இருமும் ஒரு மனிதரும், ராத்திரியெல்லாம் முதுகைத் தடவிக்கொடுக்கும் அவர் மனைவியும் மட்டுமே. கம்பெனி ஆஸ்பத்திரியும் சுரங்கத்தோடு சேர்ந்து மூடப்பட்டது. ‘வராக்கடன்’ என்று இதை யாரும் எழுதவில்லை, ஏனென்றால் ‘கொடுக்கவேண்டியது’ என்றே யாரும் எழுதவில்லை.

அந்த ஆஸ்பத்திரியைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். இருபது ஆண்டுகள் பூட்டிக் கிடந்தது. இனி எதற்கும் ஆகாது என்று கைவிடப்பட்ட கட்டடம். 2021-இல் கொரோனா இரண்டாம் அலை வந்தபோது தன்னார்வலர்கள் புதரை வெட்டி, தூசியைத் தட்டி, சுவரைக் கழுவி, சில வாரங்களில் அதைக் கொரோனா நோயாளிகளுக்காகத் திறந்தார்கள். மதிப்பில்லை என்று கணக்கு சொன்னதற்குத் துடைப்பம் பிடித்தவர்கள் பதில் சொன்ன அந்த நாட்களை நினைத்தால் எனக்கு இன்றும் தொண்டை அடைக்கிறது.

இரண்டாவது கடன், வேலையிழந்தவர்களின் பாக்கி. மூடும்போது மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் வேலையில் இருந்தார்கள். சிறப்புப் பணிமுடிவுத் தொகை என்று ஒன்று கொடுக்கப்பட்டது, இல்லை என்று சொல்லவில்லை. அதில் சேரவேண்டியது முழுதும் சேரவில்லை என்ற வழக்கும் கோரிக்கையும் இருபது ஆண்டுகளைத் தாண்டிவிட்டன. லைன் வீடுகள் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியும் அப்படியே இழுத்தது. மூன்று தலைமுறை பிறந்து செத்த அந்த ஓரறை வீடுகளில், என்றைக்கு நோட்டீஸ் வரும் என்ற பயத்தோடு குடும்பங்கள் இருந்தன. கம்பெனிகள் கலைக்கப்படும்போது தொழிலாளர் பாக்கியும் பிணையம் பெற்றுக் கடன் கொடுத்தவரின் பாக்கியும் ஒரே வரிசையில் நிற்கவேண்டும் என்று 1985-இல் நாடாளுமன்றம் கம்பெனிச் சட்டத்தைத் திருத்தியது. தொழிலாளி வரிசையின் கடைசியில் நிற்பவர் இல்லை என்பது சட்டத்தின் வாக்கு. தங்கவயலில் கலைப்பும் முடியவில்லை, மறுபிறப்பும் இல்லை. உலகளாவிய டெண்டர் விடலாம் என்று 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அனுமதித்தும் சுரங்கம் திறக்கவில்லை. பெயரளவில் உயிரோடு இருக்கிற ஒரு கம்பெனிக்கு முன்னால், எந்த வரிசையில் போய் நிற்பது?

மூன்றாவது, சயனைடு மலைகள். தாதுவை அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய மண், 3 கோடி டன்னுக்கு மேல், ஊருக்கு நடுவே சாம்பல் நிறக் குன்றுகளாக நிற்கிறது. காற்றடிக்கும் மாதங்களில் அந்தத் தூள் சோற்றுத் தட்டில் வந்து விழும். துணி காயப்போட்டால் துணியில். குழந்தை விளையாடினால் கண்ணில். ஒரு நூற்றாண்டாக அது கணக்கில் கழிவு, மதிப்பு பூஜ்யம். இப்போது தங்கம் விலையேறியதும் அந்த மண்ணிலும் தங்கம் இருக்கிறது என்று நினைவு வந்துவிட்டது. 13 குன்றுகள், 1,003.4 ஏக்கர், மறுபடியும் அள்ளித் தங்கம் பிரிக்கும் திட்டத்துக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது.

வராது என்று நீங்கள் எழுதியது வரப்போகிறது. அப்படியானால் அது யாருக்கு வரவேண்டும்? மூடும்போது ‘இனி ஒன்றும் தேறாது, கொடுத்ததை வாங்கிக்கொண்டு போங்கள்’ என்று சொல்லி அனுப்பியவர்களை, தேறத் தொடங்கியதும் கூப்பிடவேண்டும் என்பது சாதாரண நாணயம். வங்கி நீக்கிய கடன் என்றாவது வசூலானால் அது வங்கிக்கே லாபமாக வருகிறது என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள், தூளைத் தின்றவர்களின் கடன் வசூலாகும்போது மட்டும் வேறு விதி வைத்திருக்கக் கூடாது. குன்றுகளிலிருந்து வரும் வருமானத்தில் முதலில் எடுக்கவேண்டியது பழைய தொழிலாளர்களின் பாக்கி. அடுத்தது ஒரு நுரையீரல் ஆஸ்பத்திரி. மூன்றாவது, குன்றுகளைக் கலைக்கும்போது எழப்போகும் தூளை அடக்கும் செலவு. அதைத் திட்டத்தின் முதல் பக்கத்திலேயே எழுதவேண்டும். முதல் தலைமுறை அதைச் சுவாசித்தபோது நமக்குத் தெரியவில்லை என்றாவது சொல்லலாம். இனி அப்படிச் சொல்ல வழியில்லை.

சிலர் சொல்வார்கள்: பழைய கதையைக் கிளறி என்ன பயன், அந்தத் தொழிலாளர்களின் பிள்ளைகள் பெங்களூர் போய்ப் பிழைத்துக்கொண்டார்களே என்று. பிழைத்துக்கொண்டார்கள்தான். மாரிகுப்பத்திலிருந்து விடியற்காலை ரயிலைப் பிடித்து, இரவு திரும்பி, ஒரு நாளின் நான்கைந்து மணி நேரத்தைத் தண்டவாளத்தில் கழித்துப் பிழைத்துக்கொண்டார்கள். தங்கள் காலில் நின்றவர்களின் உழைப்பை, அரசு தன் கடனைக் கட்டாமலிருப்பதற்குச் சாட்சியாகக் கூப்பிடுவது தகாது.

பேத்தமங்களாவின் நீரேற்று நிலையத்தை நினைத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு நாளும் எத்தனை காலன் தண்ணீர் மேலே போனது என்று அந்தக் காலத்து நிர்வாகம் நோட்டுப் போட்டு எழுதிவைத்திருக்கும். எத்தனை டன் பாறை மேலே வந்தது, எத்தனை அவுன்ஸ் தங்கம் உருக்கப்பட்டது, எத்தனை பேர் எந்த ஷாஃப்டில் எத்தனை மணிக்கு இறங்கினார்கள், எல்லாவற்றுக்கும் நோட்டு உண்டு. கோலார் தங்கவயலைப்போல் கணக்கு எழுதிய இடம் நாட்டில் குறைவு. ஆகவே கணக்கு கிடைக்கவில்லை என்று எவரும் சொல்ல வேண்டாம். நிதி அமைச்சகத்தின் கோப்பை எடுங்கள். எடுத்துக்கொண்ட தங்கத்தின் எடையை ஒரு பத்தியில் எழுதுங்கள். பக்கத்துப் பத்தியில், தோலா ஒன்றுக்கு 62 ரூபாய் 50 காசு என்று எழுதுங்கள். அதற்கும் பக்கத்தில், அன்றைய தினம் பம்பாயில் விற்ற விலை.